விரலைக் கீழே இழுத்தால் குனிவான்

பாட்டிக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்று கடைசிவரை பிடிபடவில்லை. டிவியில் ஏதோ ஜப்பான் படம் ஓடுகிறது, பேரன் கையில் இருக்கும் சாமானை வைத்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். 2020 ஜூலை அது. ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் வரவேற்பறை எனக்கும் பாட்டிக்கும் மட்டும்தான். அவருக்குத் தூக்கம் வராது, எனக்குத் தூங்க மனம் வராது. அந்த மாதம் 17ஆம் தேதி வெளியான ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ விளையாட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடித்தோம் என்று சொல்ல வேண்டும்.

விளையாடாதவர்களுக்காக ஒரு விஷயம். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரின் நடுவில் ஒரு தொடுபலகை இருக்கிறது. பெரும்பாலான ஆட்டங்களில் அது வெறும் அலங்காரம். இதில் அப்படியில்லை. விரலை மேலே இழுத்தால் காற்று வீசி, போகவேண்டிய திசையைப் புல்லும் இலைகளும் காட்டும். இடப்பக்கம் இழுத்தால் நாயகன் ஜின் சகாய் புல்லாங்குழல் வாசிப்பான். வலப்பக்கம் இழுத்தால் வாளை உருவுவான், மறுபடி இழுத்தால் உறையில் போடுவான். கீழே இழுத்தால் குனிந்து வணங்குவான். தீவில் அங்கங்கே மறைவாகச் சில பீடங்கள் உண்டு. அவற்றின் முன் குனிந்தால்தான் ஏதாவது நடக்கும்.

அப்படி ஒரு பீடத்தின் முன் குனியவைத்தபோதுதான் பாட்டி கேட்டார்.

“இவன் யாருக்குடா குனியிறான்?”

“சாமிக்குப் பாட்டி.”

“ரொம்ப அழகாக் குனியிறான்.” கொஞ்ச நேரம் கழித்து, “எங்களுக்கு இவ்வளவு நேரம் குடுக்க மாட்டான்” என்றார்.

பாட்டி 1932இல் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்குப் பத்து வயது. அவருடைய அப்பா தலையில் மரவள்ளிக்கிழங்குக் கூடையோடு காவல் சாவடியைக் கடந்திருக்கிறார். தலைச்சுமையோடு எப்படிக் குனிவது? சிப்பாய் பளாரென்று அறைந்திருக்கிறான். கிழங்கு ரோட்டில் சிதறியது. பாட்டி அதைப் பொறுக்கியிருக்கிறார். கதை அவ்வளவுதான். சூக் சிங்கில் ஆயிரக்கணக்கான சீன ஆண்களைக் கடற்கரைகளுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொன்ற ஊரில் இது ஒரு கதையே இல்லை. அவரே அப்படித்தான் சொன்னார். “அறையோட போச்சே, அது புண்ணியம்.”

அதற்கப்புறம் எனக்கு அந்தத் தொடுபலகையில் விரலைக் கீழே இழுக்கும்போதெல்லாம் ஒரு தயக்கம் வந்தது. இந்தக் கட்டுரை அந்தத் தயக்கத்தைப் பற்றியது.

சும்மா சொல்லக்கூடாது, ஆட்டம் பேரழகு. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து பெல்வியூ நகரிலிருக்கும் சக்கர் பஞ்ச் நிறுவனம் செய்தது. கதை 1274இல் நடக்கிறது. குப்ளாய் கானின் படை ஜப்பானுக்குப் போகும் வழியில் சுஷிமா தீவில் இறங்குகிறது. கொமோதா கடற்கரையில் எண்பது சாமுராய்கள் எதிர்த்து நின்று அழிகிறார்கள். இது வரலாற்றில் உள்ளதுதான். சோ சுகேகுனி என்ற தலைவனோடு ஏறக்குறைய அத்தனை பேர்தான் அங்கே போரிட்டு இறந்ததாகச் சொல்லப்படுகிறது. ஜின் சகாய் கற்பனை. அவனுடைய தாய்மாமன் ஷிமுரா பிரபு கற்பனை. வில்லன் கொதுன் கானும் கற்பனை. ஜின்னுக்கு முன்னால் ஒரு கேள்வி வைக்கப்படுகிறது: மாமா கற்றுக்கொடுத்தபடி நேருக்கு நேர் நின்று மானத்தோடு தோற்பதா? இல்லை, முதுகில் குத்தி, விஷம் வைத்து, பேய்போல இருட்டில் வந்து ஊரைக் காப்பாற்றுவதா?

ஹேக் அண்ட் ஸ்லாஷ் என்ற ஆட்டவகைக்கு இந்தக் கேள்வியே புதிது. வெட்டு, சாய், அடுத்தவனை வெட்டு என்பதுதான் அந்த வகையின் மொத்த இலக்கணமும். என் முதல் சாமுராய் ஆட்டம் 2001இல் கேப்காம் வெளியிட்ட ‘ஒனிமுஷா’. பள்ளிக்கூட நாட்களில் தேக்காவிலிருந்து சிம் லிம் ஸ்குவேருக்கு நடந்துபோய் வாங்கியது. அதில் எதிரிகள் எல்லாம் பிசாசுகள், ஆகவே வெட்டுவதில் மனச்சிக்கல் எதுவும் கிடையாது. ‘சாமுராய் வாரியர்ஸ்’ இன்னும் ஒரு படி மேல். ஒற்றை ஆள் ஒரு படையையே அறுத்துத் தள்ளுவான், திரையின் ஓரத்தில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். கலிங்கத்துப்பரணி படித்தவர்களுக்கு இந்த வகை உடனே புரியும். பிணக்குவியல் பெருகப் பெருக மகிழ்ச்சியும் பெருகவேண்டும் என்பது அந்தப் பாட்டின் ஏற்பாடு. பேய்கள் கூழ் சமைக்கிற இடத்தில் சிரிக்கத் தெரியாதவர்கள் பரணி பக்கம் போகக்கூடாது.

சுஷிமா அதைத் தாண்ட முயல்கிறது. எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்பதுதான் என் கேள்வி.

கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். முன்கதை தெரிந்துவிடும் என்று பயப்படுபவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். ஷிமுராவின் கோட்டையை மங்கோலியர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். மாமா தன் ஆட்களை நேர்வழியில் பாலத்தின்மீது அனுப்புகிறார். பாலம் வெடித்துச் சிதறுகிறது, அத்தனை பேரும் சாகிறார்கள். அன்று இரவு ஜின் தனியாக உள்ளே நுழைந்து, மங்கோலியர்கள் குடிக்கும் பானத்தில் விஷம் கலந்துவிடுகிறான். கோட்டை கைக்கு வருகிறது. மாமாவுக்கு மானம் போய்விட்டது. ஷோகனுக்குப் பதில் சொல்லவேண்டும், யாராவது ஒருவர் தலை வேண்டும். மாமா ஒரு வழி சொல்கிறார்: பழியை யூனாமேல் போட்டுவிடு.

யூனா ஒரு திருடி. கொமோதா கடற்கரையில் பிணங்களுக்கு நடுவே கிடந்த ஜின்னை இழுத்துவந்து பிழைக்கவைத்தவள். அவளுடைய தம்பி தாகா கொல்லன். ஜின்னுக்குக் கருவிகள் செய்துகொடுத்தவன், கானின் வாளில் தலையை இழந்தவன். இவர்கள் இரண்டு பேரும் இல்லையென்றால் ‘கோஸ்ட்’ என்ற பேரே கிடையாது. சாமுராயின் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண்ணின் தலையைக் கொடுத்துவிடலாம் என்று, அன்பாக, மகனைப் போன்ற மருமகனின் நன்மைக்காக, அந்தப் பெரியவர் சொல்கிறார். நான் விளையாடிய ஆட்டங்களில் மானம் என்ற சொல் இவ்வளவு வெளிச்சத்தில் வைக்கப்பட்ட இடம் வேறில்லை. ஜின் மறுக்கிறான். ஆட்டத்துக்கு அந்த இடத்தில் ஒரு சலாம் போட்டேன்.

ஆனால் ஆட்டம் அங்கேயே நிற்கவில்லை, மறுபடி மாமனுக்கும் மருமகனுக்கும் இடையிலான மனக்கஷ்டத்துக்குப் போய்விடுகிறது. கடைசிச் சண்டை அவர்கள் இரண்டு பேருக்குத்தான். தோற்று விழுந்த மாமா வீரனுக்குரிய சாவைக் கேட்கிறார். கொல்வதா விடுவதா என்று நம்மிடம் கேட்கப்படுகிறது. அறுபது மணிநேரம் ஆடிய பிறகு நமக்குத் தரப்படும் ஒரே பெரிய தேர்வு அதுதான். யூனா அந்தக் காட்சியில் இல்லை. ஊர்க்காரர்களும் இல்லை.

ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று. இந்த ஆட்டத்தில் அவர்கள்மேல் நம்முடைய வாள் படாது. நான் முயன்று பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆட்டம் அவர்களைக் காக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. வாள் வைத்திருப்பவனைப் பார்த்து வாளில்லாதவன் ஏன் குனிகிறான் என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் ஜின்னைப் பார்த்ததும் குனிகிறார்கள், நன்றியால், மரியாதையால். பயத்தால் குனிவதற்கு இந்த ஆட்டத்தில் வழி வைக்கவில்லை. வெட்டமுடியாத வாளுக்கு யார் பயப்படுவார்கள்?

அகிரா குரோசவாவுக்கு இது தெரிந்திருந்தது. சுஷிமாவில் ‘குரோசவா மோட்’ என்றே ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகும், பழைய பிலிமின் புள்ளிகள் வரும், காற்று இன்னும் பலமாக வீசும். எல்லாம் சரி. ஆனால் 1954இல் வந்த ‘செவன் சாமுராய்’ படத்தின் விவசாயிகள் எங்கே? அந்தப் படத்தில் அவர்கள் பயந்தாங்கொள்ளிகள், அரிசியை ஒளித்து வைப்பவர்கள், தனியாக மாட்டிய சாமுராய்களைக் கொன்று கவசத்தை உருவி வைத்திருப்பவர்கள். அது தெரிந்து மற்ற சாமுராய்கள் முகம் சுளிக்கும்போது, விவசாயிக்குப் பிறந்த கிகுசியோ வெடிக்கிறான்: அவர்களை இப்படி ஆக்கியது யார், ஊரை எரித்ததும் பெண்களைக் கெடுத்ததும் நீங்கள்தானே என்று. படம் நாற்று நடுகிறவர்களிடம் போய் முடிகிறது. ஜெயித்தது அவர்கள்தான், நாமில்லை என்று தலைவன் சொல்லிவிட்டு நிற்கிறான். குரோசவாவின் பேரைக் கேட்டு வாங்கியவர்கள் அவருடைய மழையையும் காற்றையும் எடுத்துக்கொண்டு, அவருடைய விவசாயிகளைத் திரையரங்கிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், இந்த மானக் கணக்கே 1274க்கு உரியதா? அந்தப் போரில் கலந்துகொண்ட தகெசாகி சுயனாகா என்ற சாமுராய் அடுத்த வருஷம் காமகுராவரை பயணம் செய்து, நான் முன்வரிசையில் நின்று சண்டை போட்டேன், எனக்கு வெகுமதி எங்கே என்று கேட்டு வாங்கியிருக்கிறான். பிறகு தன் வீரச்செயல்களைப் படச்சுருளாக வரையவைத்தான். அது இன்றும் இருக்கிறது. எதிரியின் கப்பல்களில் இரவில் ஏறித் தாக்கியதும் 1281இல் நடந்ததுதான். மாமா ஷிமுரா கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நாம் இன்று ‘புஷிடோ’ என்று சொல்லும் சாமுராய் நெறிக்கு உலகப் புகழ் வந்ததே 1900இல் நிடோபே இனாசோ வெளியிட்ட புத்தகத்தால்தான். அதையும் அவர் மேல்நாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். நிலத்துக்கும் குதிரைக்கும் மனுப்போட்ட சண்டைக்காரர்கள், அறுநூறு வருஷம் கழித்து ஒரு தேசத்தின் ஆன்மாவாக ஆனார்கள். அதற்கும் நாற்பது வருஷம் கழித்து அந்த ஆன்மா, தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்த வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு மலாயாவுக்குள் சைக்கிளில் வந்து இறங்கியது.

தேக்காவிலிருந்து டோபி காட்டுக்கு நடந்தே போய்விடலாம், இருபது நிமிஷம்கூட ஆகாது. அங்கேதான் கேத்தே கட்டடம். ஜப்பானியர் வந்த புதிதில் அதற்கு வெளியே வெட்டிய தலை ஒன்று வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததாக லீ குவான் இயூ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கேத்தேயில் படம் பார்க்க நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். பாட்டி அந்த வாசலைக் கடக்கும்போது ஒருநாளும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்று அம்மா சொல்வார். என்னவென்று கேட்டதில்லையாம்.

ஒரு பேருக்குக்கூட இந்த ஊரில் இவ்வளவு சூடு உண்டு. பிரிட்டிஷ் படை 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்த பழைய ஃபோர்ட் தொழிற்சாலையில் 2017இல் ‘சியோனான்’ என்ற பேரில் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். சியோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பேர். எதிர்ப்புக் கிளம்பிச் சில நாட்களிலேயே பேரை மாற்றினார்கள். எழுபத்தைந்து வருஷம் கழித்து.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நாம் குனிந்தவர்கள், அவர்கள் அறைந்தவர்கள் என்று முடித்துவிட்டால் அதுவும் பொய்யாகிவிடும். தேக்காவின் மறுகோடியில் ஃபேரர் பார்க் இருக்கிறது. சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17, அந்தத் திடலில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களைத் திரட்டி ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா இவாய்ச்சிவிடம் ஒப்படைத்தார்கள். அவர் பேசினார், மோகன் சிங் பேசினார், இந்திய தேசிய ராணுவம் அங்கேதான் கருக்கொண்டது. 1943 ஜூலையில் நேதாஜி வந்தார். பாடாங்கில் அணிவகுப்பு. அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் முகாம். அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள், ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பாட்டியின் அத்தை ஒருவருக்கும் போக ஆசை இருந்ததாம், வீட்டில் விடவில்லை. அதே 1943இல் அதே தோட்டங்களிலிருந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதையில் போட்டார்கள், பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படிக்காதவர்கள் படிக்கவேண்டும். ஒரே வருஷம், ஒரே தோட்டம், ஒரே வாள். ஒருவருக்கு அது தோழன் இடுப்பில் இருந்தது, இன்னொருவருக்குக் கங்காணிக்கும் மேலே நின்றவன் இடுப்பில்.

இந்தச் சிக்கலை ப. சிங்காரம் ‘புயலிலே ஒரு தோணி’யில் கையாண்டதை நினைத்துக்கொள்கிறேன். நாவலின் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மெடானுக்குள் வருகிறது. வெட்டிய தலைகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. சிங்காரம் வாள் வைத்திருப்பவனின் மனதுக்குள் போவதேயில்லை. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு நிற்கிறார், வியாபாரக் கணக்கு போடுகிறவர்களோடு நிற்கிறார். சாமுராய்க்குள் நடக்கும் தர்மசங்கடம் அந்தக் கூட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. சுஷிமாவில் எனக்குக் குறைவது அந்த நிற்குமிடம்தான்.

இங்கே நம் இளம் விளையாட்டுக்காரர்களின் நெடுநாள் கனவு ஒன்றைத் தொட்டாக வேண்டும். சாப்பாட்டுக்கடையில் கேம் பேச்சு தொடங்கினால் பத்தாவது நிமிஷம் யாராவது சொல்வார்கள்: சோழர்களை வைத்து இப்படி ஒன்று வரணும் ப்ரோ. ராஜேந்திரன், கப்பல், கடாரம். எனக்கும் ஆசை இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். சுஷிமா தீவின் நகராட்சி இந்த ஆட்டத்தின் இயக்குநர்கள் இருவரையும் சுற்றுலாத் தூதர்களாக நியமித்தது, புயலில் விழுந்த கோயில் வளைவை எடுத்துக்கட்ட ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். நமக்கும் அப்படி ஏதாவது நடந்தால் வேண்டாமென்றா சொல்வோம்? கடல்சண்டைக்கு ஆள் தேடவும் வேண்டாம், ‘அசாசின்ஸ் கிரீட்’ வரிசையின் கப்பல்களில் வேலை செய்த யூபிசாஃப்ட் கிளை இங்கேயே இருக்கிறது.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1025இல் கடல்தாண்டி வந்து இந்தப் பகுதித் துறைமுகங்களில் இறங்கிய படை யாருடையது? மெய்க்கீர்த்தி வரிசையாக ஊர்ப்பெயர்களைச் சொல்லி, எடுத்துப்போன செல்வத்தையும் சொல்கிறது. சுஷிமாவின் கதையை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் கடாரத்துக் கடற்கரையில் எண்பது பேரோடு நிற்கிற ஜின் சகாய் ஒரு மலாய்க்காரன். நாம் கொதுன் கான். அந்த ஆட்டத்தில் கடாரத்து மீனவன்மேல் நம் வாள் படுமா, படாதா? படாது என்று நிரலில் எழுதிவிடுவோம், பிரச்சினை தீர்ந்தது. நண்பனிடம் இதைச் சொன்னபோது, “நீ எதையும் என்ஜாய் பண்ண விடமாட்ட” என்றான். அதுவும் நியாயம்தான்.

நான் என்ஜாய் பண்ணினேன். பொய் சொல்லவில்லை. தனித்து நின்று எதிரி அசையும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்திருந்து, அவன் பாய்ந்த கணத்தில் விடும்போது வரும் அந்த ஒற்றை வெட்டுக்கு ஈடாக வேறொன்றை நான் விளையாடியதில்லை. கடைசியில் மாமாவை விட்டுவிட்டேன். பாட்டி “பாவம், கெழவன்” என்றதால் இருக்கலாம். இரண்டாம் முறை ஆடியபோது கொன்றேன். அப்போது பாட்டி இல்லை.

அந்த ஜூலையில் ஒருநாள் பாட்டி கன்ட்ரோலரைக் கேட்டு வாங்கினார். “குடு, நானும் ஓட்டிப் பாக்குறேன்.” அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தொடுபலகையில் வைத்தேன். மேலே இழுங்க பாட்டி, காத்து வரும். வந்தது. மூங்கில் தோப்பு முழுக்கச் சாய்ந்தது. இந்தப் பக்கம் இழுங்க, புல்லாங்குழல். இந்தப் பக்கம் இழுங்க, கத்தி. கத்தியை உருவிவிட்டு, மறுபடி உள்ளே போட்டுவிட்டு, மறுபடி உருவினார். இரண்டு மூன்று தடவை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே இழுத்தால் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“நல்லாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். “இந்தப் படம் எப்படா முடியும்?”